கத்தாத குட்டி

1

நான் அயர்லாந்துக்கு வந்து இந்த ஆவணியோடு பத்தொன்பது வருடம் ஆகிறது. வருடா வருடம் அந்த நாளில் வேலை முடிந்து வந்து கொஞ்சம் பாயசம் வைத்து, சாமி படத்துக்கு ஒரு பூவைப் போடுவேன். இந்த வருடம் பாயசம் வைக்கவில்லை. அன்றைக்குத்தான் என் மகளுடைய நாய் ஒரு கம்பைத் தட்டிவிட்டது.

நாய் கம்பைத் தட்டியதற்கெல்லாம் பாயசத்தை நிறுத்துவார்களா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். கொல்லிமலையில் வாழவந்தி நாட்டில் பிறந்து நாய்களோடு வளர்ந்த எனக்கே இந்தக் கூத்து புரிய இரண்டு வருடம் பிடித்தது. இதற்கு அஜிலிட்டி என்று பெயர். ஒரு மைதானத்தில் தாண்டுவதற்குக் கம்புகள், நுழைந்து வருவதற்குத் துணிக் குழாய், ஏறி இறங்கக் கூரை மாதிரி சாய்த்து வைத்த பலகை, வளைந்து வளைந்து போவதற்கு வரிசையாக நட்ட குச்சிகள் இருக்கும். நாய் கயிறு இல்லாமல் ஓட வேண்டும். கூடவே ஆளும் ஓடிக் கையால், குரலால், தோளைத் திருப்பி வழி சொல்ல வேண்டும். நேரம் பார்ப்பார்கள். கம்பு விழுந்தால் பிழை.

என் மகள் கயலுக்குப் பதினைந்து வயது. அவளுடைய நாயின் பெயர் மிளகு. மிளகு அதுவரை ஒரு கம்பைக்கூடத் தட்டியதில்லை. அந்தப் புதன்கிழமை பயிற்சியில் முதல் கம்பு விழுந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது விழுந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போட்டி.

2

பயிற்சி நடப்பது ஒரு குதிரைக் கொட்டகையில். சொல்லிக் கொடுப்பவர் மரியன். தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் வீடு வீடாகப் போய் நாய்க்கடி வாங்கியதால் எந்த நாய்க்கு என்ன குணம் என்று தன் கெண்டைக்காலுக்கே தெரியும் என்பார்.

முதல் நாளே அவரிடம், "இதுக்கு எந்த ஜாதி நாய் ஒத்துவரும்?" என்று கேட்டேன். நாய் என்றால் முதலில் ஜாதி கேட்பது நம் பழக்கம்.

அவர் கொட்டகையைச் சுற்றிக் கையைக் காட்டினார். ஆடு மேய்க்கும் பார்டர் கோலி என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஓடும்போதே திரும்பி, அடுத்து என்ன, அடுத்து என்ன என்று நம் முகத்தைப் பார்க்கும். அதற்கு வேலை கொடுக்காவிட்டால் வீட்டைப் பிரித்துப் போட்டுவிடும். ஷெல்டி சின்னது, சூட்டிகையானது, ஓயாமல் குலைக்கும். ஒரு வார்த்தை கடிந்து பேசினால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். டெரியருக்கு மூளை உண்டு, ஆனால் வைக்கோலுக்குள் ஓர் எலி அசைந்தால் போதும், நீயும் வேண்டாம் உன் போட்டியும் வேண்டாம் என்று போய்விடும். லாப்ரடார் தின்பதற்காக எதையும் செய்யும், உடம்புதான் கனம், தாண்டித் தாண்டி மூட்டு தேய்ந்துவிடும். கிரேஹவுண்ட் நேராக ஓடினால் காற்று. வளைவு வந்தால் அடுத்த ஊருக்குப் போய்த்தான் திரும்பும்.

"காவல் நாய்?" என்று கேட்டேன்.

"அது உட்கார்ந்து உனக்கு மார்க் போடும்," என்றார்.

ஜாதியைவிடக் குணம்தான் முக்கியமாம். சத்தத்துக்கு மிரளக் கூடாது, தப்பு செய்தால் ஒடுங்கிப் போகாமல் மறுபடி வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஆளோடு பேச வேண்டும். "தனக்கு என்ன ஆகிறது என்று உன்னிடம் சொல்கிற நாய்தான் நல்ல நாய். நீ கேட்கிற ஆளாக இருந்தால்," என்றார்.

எங்கள் மலையில் அப்படி இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். அங்கே வாய் பேசாத நாய்க்குத்தான் மரியாதை. பன்றிக்கு எதிரே போய் நிற்கும், யாரையும் கேட்காது, அடிபட்டால் ஒரு முனகல் வராது.  மரியன் கம்புகளை அடுக்கப் போய்விட்டார்.

3

மிளகைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அந்தக் கதையைக் கயல் இன்னும் சொல்லிக் காட்டி என் மானத்தை வாங்குவாள்.

பக்கத்து ஊர்ப் பண்ணையில் ஒரு பார்டர் கோலி ஆறு குட்டி போட்டிருந்தது. அப்பன் யாரென்று தெரியாததால் பண்ணைக்காரர் சும்மாவே கொடுத்தார். அவர் தேநீர் எடுத்துவர உள்ளே போன நேரத்தில், நான் பாட்டுக்கு ஒவ்வொரு குட்டியாகக் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். எங்கள் அப்பா அப்படித்தான் செய்வார். கத்துகிற குட்டியைக் கீழே விட்டுவிட வேண்டும். கத்தாமல் தொங்குகிற குட்டிதான் காட்டுக்கு ஆகும். முதல் ஐந்தும் கொட்டகை அதிரக் கத்தின. ஆறாவது கறுப்புக் குட்டி கத்தவில்லை. தொங்கிக்கொண்டே என்னைப் பார்த்தது.

பண்ணைக்காரர் தேநீரைக் கொட்டிவிட்டு ஓடி வந்தார். "அம்மணி, என்ன செய்கிறீர்கள்!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அந்தக் காதுக்காக ஏழெட்டுத் தடவை மன்னிப்புக் கேட்டுத்தான் குட்டியை வாங்கி வந்தோம்.

காரில் கயல் ஆங்கிலத்தில் கேட்டாள், "கருவாயனையும் இப்படித்தான் எடுத்தீர்களா?"

"ஆமா சாமி. அதுவும் கத்தல."

கருவாயன் எங்கள் வீட்டு நாய். கயல் அதைப் பார்த்ததில்லை. ஆனால் அவளுடைய சின்ன வயதுக் கதைகளில் ராஜா, ராணி, முயல் யாரும் கிடையாது, கருவாயன்தான். காட்டுப் பன்றிகளைக் குச்சிக்கிழங்குக் காட்டிலிருந்து, அதாவது எங்கள் மரவள்ளி வயலிலிருந்து, விரட்டிய கருவாயன். கடைசியில் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டி, ஒரு பகல் முழுக்கக் கிடந்தும் ஒரு சத்தம்கூடப் போடாமல் செத்துப்போன கருவாயன். "ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடிப்போய் அவுத்துவிட்டிருப்போம். அதுதான் போடவே இல்லையே" என்று முடிப்பேன். கயல் ஒவ்வொரு தடவையும் போர்வைக்குள் அழுவாள். மறுநாளும் அதே கதையைக் கேட்பாள்.

ஐந்தாம் வகுப்பில் அதைக் கட்டுரையாக எழுதினாள். 'அழாத நாய்' என்று தலைப்பு. ஆசிரியை அதைப் பள்ளிச் சுவரில் ஒட்டிவைத்தார். பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

4

இந்த ஊரில் நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் எங்கள் மலை உச்சியில் இருக்கும் மாசி பெரியண்ணன் கோயில் உயரத்துக்கு வரும். எங்கள் மலைக்காரர்களுக்கு மலையாளி என்று பெயர், சாதிச் சான்றிதழிலும் அப்படித்தான் இருக்கும். இங்கே வந்த புதிதில் அதைப் பார்த்த, கூட வேலை பார்த்த கேரளத்து நர்ஸ்கள் எல்லாம் என்னிடம் மலையாளத்தில் கொட்டித் தீர்த்தார்கள். நான் திருதிருவென்று முழித்தேன். "மறந்துபோச்சோ?" என்று ஒரு சேச்சி வருத்தத்தோடு கேட்டார். கற்றிருந்தால்தானே மறக்க!

கயல் நான் தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நாயிடம் மட்டும் தமிழ். "வா", "இரு", "தாண்டு" என்று மூன்று வார்த்தை. மரியன் அவளைக் கெயில் என்பார், நாயை மிலாகூ என்பார். வீட்டுக்குள் எனக்கும் மகளுக்கும் நடுவில் இப்போது ஓடுகிற பேச்சு பெரும்பாலும் நாயைப் பற்றியதுதான். அதுவும் இல்லாவிட்டால் சோறு வேணுமா, கதவைச் சாத்து என்பதோடு முடிந்துவிடும். என் கணவர் ராசிபுரத்துக்காரர், லாரி ஓட்டுகிறார். வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இல்லை.

அஜிலிட்டி சங்கத்தில் சேர ஒரு படிவம் தந்தார்கள். அதில் ஒரு கேள்வி: இதற்கு முன் நாய் வளர்த்ததுண்டா, அதற்கு என்ன ஆயிற்று? நான் 'வயதாகி இறந்தது' என்று எழுதினேன். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த கயல், "அம்மா, கம்பியில் மாட்டிய கதை?" என்றாள்.

"அதையெல்லாம் எழுத எடம் பத்தாது," என்றேன். கட்டத்தில் இடம் இருந்தது.

5

மிளகுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குப் புதன்கிழமையே தெரியும். நான் நர்ஸாக வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில். காலையில் கட்டில் கட்டிலாகப் போய், வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்று கேட்பேன். இந்த ஊர்க் கிழவர்கள் இடுப்பு எலும்பு முறிந்திருந்தாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் வாயைப் பார்க்கக் கூடாது. போர்வையைப் பிடித்திருக்கும் கையைப் பார்க்க வேண்டும்.

மிளகு தாண்டுவதற்கு முன்னால் ஓர் அடி கூடுதலாக வைத்தது. சாய்பலகையில் நேராக இறங்காமல் பக்கவாட்டில் இறங்கியது. நிற்கும்போது இடது முன்னங்காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது. ஆனால் வேகம் குறையவில்லை. கயல் "தாண்டு" என்றால் தாண்டியது. அந்த ஜாதியின் குணம் அது. வேலை என்று வந்துவிட்டால் உடம்பை மறந்துவிடும்.

மரியனும் பார்த்திருந்தார். "டாக்டரிடம் காட்டுவது நல்லது. ஆனால் ஓடவிடுவதா வேண்டாமா என்று நாய்க்கு உடையவள்தான் முடிவு செய்ய வேண்டும்," என்றார். மருத்துவரிடம் செவ்வாய்க்கிழமைதான் நேரம் கிடைத்தது.

"ஞாயித்துக்கெழம வேண்டாம் கண்ணு. அதுக்குத் தோள்ல வலி இருக்குது," என்றேன்.

கயல் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள்: "வலித்தால் கத்தியிருப்பாள். மெத்தனத்தில் தட்டுகிறாள், அவ்வளவுதான். அப்படியே வலித்தாலும் தாங்குவாள். கருவாயன் மாதிரி. நீங்கள்தானே காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து எடுத்தீர்கள்?"

  ஊறவைத்திருந்த அரிசியைக் கழுவப் போய்விட்டேன்.

6

இரண்டு நாள் வேலையிலும் மனம் ஓடவில்லை. எழுபது வயதுக் கிழவி ஒருத்தி கட்டிலில் லேசாக முனகினால்கூட எனக்குத் தூக்கிப் போட்டது. வெள்ளிக்கிழமை மதியம் ஊருக்குப் போன் போட்டேன். அண்ணன் எடுத்தார். அவர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார், மிளகுக் கொடியும் கிழங்கும் போட்டுக்கொண்டு.

"என்ன பாப்பா, இந்நேரத்துல? வேலைக்குப் போகலையா?"

"அண்ணா, கருவாயன் அன்னைக்கு எவ்வளவு நேரம் கத்துச்சுங்ணா?"

அண்ணன் கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது.

"அத எதுக்குச் சாமி இப்பக் கெளப்பற? இங்க நல்ல மழ. செம்மேட்டுல சந்தைகூடச் சரியாக் கூடல. அதப் பேசு."

"சொல்லுங்ணா."

"நானென்ன எண்ணிக்கிட்டா இருந்தேன்? தடத்துல எறங்குனதுல இருந்து கத்திக்கிட்டேதான் இருந்துச்சு. பஸ்சு ஏறற வரைக்கும் கேட்டுச்சு."

"பஸ்ஸுக்குள்ளயும் கேட்டுச்சுங்ணா."

"அந்தச் சத்தத்துல எங்க கேக்கும்? உன்ற நெனப்பு அது."

"கயல்கிட்டச் சொல்லப் போறேன்."

"வேண்டாங் கண்ணு!" என்று பதறினார். "அப்பா சாகற வரைக்கும் அந்த நாயப் பத்தி ஊரு பூராப் பெருமையாச் சொல்லிட்டுப் போயிட்டாரு. அப்படியே கெடந்துட்டுப் போகட்டும். சொல்லித்தான் ஆகோணும்னா எம்மேல போட்டுரு. எங்கண்ணன்தான் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லு."

அண்ணன் என் கையைப் பிடிக்கவில்லை. நான்தான் முன்னால் நடந்தேன்.

7

இதுவரை யாருக்கும் எழுதாததை எழுதுகிறேன்.

அந்த வருடம் பன்றித் தொல்லை தாங்கவில்லை. பைக்கின் பழைய கிளட்ச் கம்பியை வாங்கி வந்து சுருக்குப் போட்டோம். முளை அடித்தது அண்ணன், கம்பியை முறுக்கியது நான். எனக்குத்தான் விரல் நயமாக ஓடும். வனத்துறைக்குத் தெரிந்தால் வழக்காகிவிடும் என்று எங்களுக்குத் தெரியும். ஊரில் எல்லோரும்தான் வைத்தார்கள்.

வெளிநாட்டுக்கு நர்ஸ் எடுக்கும் நேர்காணல் சேலத்தில். பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும், விட்டால் அடுத்தது எப்போதோ. அப்பாவும் அம்மாவும் மலையிலேயே தள்ளியிருக்கும் பைல் நாட்டில் ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள். விடிந்தும் விடியாமல் நானும் அண்ணனும் பஸ்ஸுக்கு இறங்கினோம். மஞ்சு மூடியிருந்தது, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. காட்டு ஓரத்திலிருந்து கருவாயன் கத்தியது.

குலைப்பு இல்லை அது. இழுத்து இழுத்து, நடுவில் மூச்சு வாங்கி மறுபடி கத்தியது. இரண்டு பேருக்குமே உடனே புரிந்துவிட்டது. கம்பியை வெட்டக் குறடு வேண்டும், குறடு வீட்டில். போய் எடுத்து, காட்டுக்குள் இறங்கி, அறுத்துவிட்டு வந்தால் பஸ் போய்விடும்.

"உன்ன ஏத்தி உட்டுட்டு ஓடியாந்து அவுத்துடறேன்," என்றார் அண்ணன். ரோட்டுக்கு வந்தால் டீக்கடையில் வனத்துறை ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே அந்தச் சத்தம் வந்த பக்கம் ஓடினால் கையும் களவுமாக மாட்டியிருப்போம். வெளிநாடு போகத் தேவையான போலீஸ் சான்று எனக்குக் கிடைத்திருக்காது. அவர்களில் ஒருவர், "என்னங்க, நாய் இப்படிக் கத்துது?" என்று கேட்டார்.

"நாங்க ஊட்ட உட்டுக் கெளம்புனாலே அப்படித்தானுங்க கத்தும்," என்றேன்.

நான்தான் சொன்னேன். அண்ணன் இல்லை. சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். அங்கே தனியாக நிற்கப் பயந்து அண்ணனும் ஏறிக்கொண்டார். நேர்காணலில் என்னை எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் அல்வாப் பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது கருவாயன் விறைத்துக் கிடந்தது. கம்பி கழுத்தில் இல்லை, இடுப்பில் இறுகியிருந்தது. சீக்கிரம் சாகிற இடம் இல்லை அது.

அப்பா வந்து கேட்டதும், "சத்தமே போடலீங்கப்பா," என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காதப் புடிச்சுத் தூக்குனப்பவே தெரியுமே," என்றார். அந்தக் கதை அப்படித்தான் பிறந்தது.

8

சனிக்கிழமை மதியம் கயல் போட்டிக்குப் பை கட்டிக்கொண்டிருந்தாள். நாயின் துண்டு, தண்ணீர்க் கிண்ணம், கயிற்றுப் பந்து. மிளகு பையைச் சுற்றிச் சுற்றி வந்தது. சமையலறை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று பயம். டீக்கடையில் சொன்னதையும் விடவில்லை. எதையும் அண்ணன் மேல் போடவில்லை.

கயல் அழவில்லை. கயிற்றுப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த புது ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, மிளகின் இடது தோளில் கை வைத்து விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. மிளகு கத்தவில்லை. உதட்டை நக்கிக்கொண்டு முகத்தை அப்பால் திருப்பியது. விரலை எடுத்தாள், மறுபடி வைத்தாள். மறுபடி அதே மாதிரி நக்கியது.

"மூன்று நாளாகச் சொல்லியிருக்கிறாள்," என்றாள். யாரிடம் சொன்னாளோ தெரியாது.

மரியனுக்குப் போன் போட்டுப் பெயரை எடுக்கச் சொன்னாள். கட்டிய பையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அப்புறம் நாயைக் கூட்டிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் என்னோடு பேசவில்லை. சோறு வேணுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்குக் கோபம் வரவில்லை. எதை வைத்துக் கோபப்படுவது?

செவ்வாய்க்கிழமை மருத்துவர் பார்த்துவிட்டு, தோள் தசை கிழியத் தொடங்கியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஓடியிருந்தால் முழுக்கக் கிழிந்திருக்கும் என்றார். இரண்டு மாதம் ஓய்வு, பிறகு மெதுவாகப் பழக்கலாம். திரும்பி வரும்போது மழை. கயல் பின் இருக்கையில் மிளகின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடப்பதற்காக வண்டியை நிறுத்தினேன்.

"அம்மா," என்றாள். தமிழில் கேட்டாள், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி. "அது சும்மா கத்துச்சா? இல்ல, உங்களக் கூப்பிட்டுச்சா?"

நான் கண்ணாடியில் அவளைப் பார்க்கவில்லை. ஆடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கூப்பிட்டுச்சு சாமி," என்றேன். "எங்க காலடிச் சத்தம் அதுக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறந்தான் கத்தவே ஆரம்பிச்சுது."